"வாகன உற்பத்தியின் அண்மைப் போக்குகள்": இந்தத் தலைப்பில் எதைத்தான் ஆராய்வது?

#1 தேன்மொழி_மெக்

எல்லோருக்கும் வணக்கம். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறேன். பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. கைடு கொடுத்த தலைப்புதான் மேலே இருப்பது.

இதுவரை 140 கட்டுரைகள் படித்து எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் ஒரே அச்சு. முதல் பத்தியில் இண்டஸ்ட்ரி 4.0, அடுத்ததில் டிஜிட்டல் ட்வின், நடுவில் ஒரு வட்டப்படம், கடைசியில் "மேலும் ஆய்வு தேவை". ஒருவர் எழுதியதை இன்னொருவர் மேற்கோள் காட்டுகிறார், அவரை முதலாமவர் அடுத்த கட்டுரையில் காட்டுகிறார். இவர்களில் யாராவது கார் ஆலைக்குள் கால் வைத்தார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது. நானும் வைத்ததில்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இண்டஸ்ட்ரியல் விசிட் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுதான்.

இந்தத் துறையில் நிஜமாகவே லைனில் நின்று பார்த்து எழுதிய ஆராய்ச்சி எது? அதில் எனக்கு ஒரு நுனியாவது கிடைக்குமா?

#2 கேலிச்சித்தன்

பிளாக்செயினையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். 141-வது கட்டுரை உங்களுடையது.

#3 ஓரகடம்_பாஸ்கர்

சித்தா, கொஞ்சம் சும்மா இரு.

மேடம், உங்கள் பட்டியலில் எம்ஐடியின் ஐஎம்விபி இருக்கிறதா பாருங்கள். சர்வதேச மோட்டார் வாகனத் திட்டம். 1985-ல் தொடங்கி ஐந்து ஆண்டுகள், 50 லட்சம் டாலர் செலவு. பணம் தந்ததில் கார் கம்பெனிகளும் உண்டு, அரசாங்கங்களும் உண்டு. எந்த ஒருவரும் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று ஆரம்பத்திலேயே வரம்பு வைத்துவிட்டார்கள். இன்று "போக்கு" பற்றி வரும் அறிக்கைகளுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று பார்த்தால் இந்த வரம்பின் அருமை தெரியும்.

அதில் ஜான் கிராஃப்சிக் என்று ஒரு மாணவர். அதற்கு முன் கலிபோர்னியாவில் டொயோட்டாவும் ஜிஎம்மும் சேர்ந்து நடத்திய நம்மி ஆலையில் வேலை பார்த்தவர், அங்கே எடுக்கப்பட்ட முதல் அமெரிக்க இன்ஜினியர். பின்னாளில் ஓட்டுநர் இல்லாத கார் கம்பெனியான வேமோவின் தலைவராக இருந்தாரே, அவரேதான். இவரும் கூட்டாளிகளும் உலகம் முழுக்கத் தொண்ணூறு ஆலைகள் வரை போய் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஒரு காரை அசெம்பிள் செய்ய உங்களுக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி சின்னதுதான், பதிலில்தான் வம்பு. ஓர் ஆலை சீட்டையும் தானே தைக்கும், இன்னொன்று வெளியே வாங்கும். ஒன்றில் பெரிய கார், ஒன்றில் சின்னது. வெல்டிங் புள்ளிகளின் எண்ணிக்கை வேறு. இதையெல்லாம் கழித்துக் கூட்டி ஒரே தராசில் வைத்தார்கள். 1986-ல் மாசசூசெட்ஸில் இருந்த ஜிஎம் ஃபிரேமிங்ஹாம் ஆலையில் ஒரு காருக்கு 31 மணி நேரம், டொயோட்டாவின் தகாவோகாவில் 16. நூறு கார்களுக்கு அசெம்பிளிக் குறைகள் 130-க்கு 45. லைன் ஓரம் கிடக்கும் பாகங்களின் இருப்பு இரண்டு வாரத்துக்கு இரண்டு மணி நேரம்.

கழிக்காமல் விட்டிருந்தால் முதல் கணக்கு 40.7-க்கு 18 என்று இன்னும் பரபரப்பாக இருந்திருக்கும். அவர்கள் அந்தப் பரபரப்பை விட்டுவிட்டு 31-க்கு 16 என்று வந்தார்கள். உங்கள் 140-ல் இப்படித் தனக்குச் சாதகமான எண்ணைத் தானே குறைத்துக்கொண்ட கட்டுரை எத்தனை இருக்கிறது?

#4 தேன்மொழி_மெக்

சார், மிக்க நன்றி. லீன் (இருப்பும் வீணும் குறைத்து ஓட்டும் டொயோட்டா பாணி உற்பத்தி) பற்றி முப்பது கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன, எதிலுமே இந்தக் கழித்தல் கதை இல்லை. ஆனால் ஒரு சங்கடம். இதை எடுத்துக்கொண்டு போனால் கைடு "இது 1990 கதை, எனக்கு அண்மைப் போக்கு வேண்டும்" என்பார்.

#5 ஓரகடம்_பாஸ்கர்

அவரிடம் ஒரு கட்டடத்தின் கதையைச் சொல்லுங்கள்.

கலிபோர்னியா, ஃபிரீமான்ட். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஜிஎம் ஆலை. எழுபதுகளின் கடைசியில் வேலைக்கு வராதவர்கள் மட்டுமே 20 சதவீதத்தைத் தொட்ட இடம். ஆயிரக்கணக்கில் புகார் மனுக்கள் நிலுவை. 1982-ல் இழுத்து மூடினார்கள். 1984-ல் நம்மி என்ற பெயரில் திறந்தபோது உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே யுஏடபிள்யூ (அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம்). மாறியது வேலையை அமைத்த விதம். 1987-ல் கிராஃப்சிக் கணக்கில் நம்மிக்கு 19 மணி நேரம், குறைகள் 45. குறையில் தகாவோகாவுக்குச் சமம். ஆள் சரியில்லை என்று அதுவரை சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதே காலத்தில் அதே ஜிஎம் மற்ற ஆலைகளில் ரோபோக்களில் கோடி கோடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. டெட்ராய்ட் ஹாம்ட்ராம்க் ஆலையில் பெயின்ட் ரோபோக்கள் காருக்குப் பதில் ஒன்றின்மேல் ஒன்று பெயின்ட் அடித்துக்கொண்ட சங்கதி பத்திரிகைகளில் வந்தது.

நம்மி 2010 ஏப்ரலில் மூடப்பட்டது. அதே கட்டடத்தை டெஸ்லா 4.2 கோடி டாலருக்கு வாங்கியது. 2018-ல் மாடல் 3 லைனில் கன்வேயரும் ரோபோவுமாக நிரப்பி, வண்டி வெளியே வராமல் திணறி, ஏப்ரலில் ஈலான் மஸ்க்கே "அளவுக்கு மீறிய ஆட்டோமேஷன் என் தவறு" என்று எழுதினார். இரண்டு மாதத்தில் ஆலைக்கு வெளியே கூடாரம் போட்டு ஆட்களை வைத்து இன்னொரு அசெம்பிளி லைன் ஓட்டினார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் ஜிஎம் படித்த பாடம், ஜிஎம்மே கைவிட்ட கூரைக்கு அடியில்.

கைடுக்கு அண்மை வேண்டுமென்றால் 2018 போதுமா என்று கேளுங்கள்.

#6 லைன்3_கவிதா

பாஸ்கர் சார் சொல்வது மேலே இருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. நான் கீழே நின்றவள், அதனால் சொல்கிறேன்.

2017-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆலையில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். என் ஸ்டேஷனில் சீட் பெல்ட் ஆங்கர் போல்ட். ஒரு பக்கம் இரண்டு. இடது கையில் போல்ட்டை நூல் பிடிக்க வைத்து, வலது கையில் டார்க் கன் (அளவான இறுக்கத்தில் போல்ட்டை முடுக்கும் கருவி). பச்சை விளக்கு எரிந்தால் சரி, சிவப்பு என்றால் கழற்றி மறுபடி. 62 விநாடியில் அடுத்த வண்டி வந்து நிற்கும். தலைக்கு மேல் மஞ்சள் ஆண்டன் கயிறு, கோளாறு என்றால் இழுத்து டீம் லீடரைக் கூப்பிட. பயிற்சியில் "சந்தேகம் வந்தால் இழுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார்கள். கேண்டீனில் அதற்கு ஒரு போஸ்டர்கூட உண்டு, சிரித்துக்கொண்டே கயிற்றை இழுக்கும் பெண் படம்.

மூன்றாம் நாள் ஒரு போல்ட் கிராஸ் த்ரெட் ஆகிவிட்டது, அதாவது நூல் கோணலாக ஏறிவிட்டது. இழுத்தேன். பாட்டு ஓடியது. எங்கள் லைனுக்கு ஒரு பொம்மைக் கடை மெட்டு. டீம் லீடர் வந்தார், சரி செய்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது கான்ட்ராக்டரின் ஆள் வந்து "நாளைக்கும் இந்த ஸ்டேஷன் வேணுமா?" என்றார். அவ்வளவுதான். அப்புறம் எட்டு மாதம் அந்தக் கயிற்றை நான் தொடவில்லை. சிவப்பு விழுந்தால் பில்லரில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைப்பேன், இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்த பெர்மனென்ட் அண்ணன் பார்த்து இழுப்பார்.

உங்கள் 16 மணி நேரக் கணக்கில் அந்தப் புள்ளி எங்கே வரும்?

#7 கேலிச்சித்தன்

அக்கா, இதற்குக் கேலி வரவில்லை.

#8 ஓரகடம்_பாஸ்கர்

கவிதா, நியாயம். தப்பு என் பக்கம்தான், ஒரு பாதியைத்தான் சொன்னேன்.

டொயோட்டா முறைப்படி கயிற்றை இழுத்தவுடன் லைன் நிற்காது. குறித்த கோட்டை வண்டி தொடும்வரை ஓடும், அதற்குள் டீம் லீடர் வந்து தீர்த்தால் நிற்காமலே போய்விடும். இழுப்பவருக்குப் பயம் வரக்கூடாது என்பதும் அந்த வடிவமைப்பில் இருக்கிறது. கான்ட்ராக்டரின் ஆள் பஸ் ஸ்டாண்டில் நிற்பார் என்று வரைபடத்தில் யாரும் போடவில்லை.

ஆராய்ச்சியிலும் இந்தச் சண்டை உண்டு. பழைய ஜிஎம் ஃபிரீமான்டில் ஒரு நிமிடத்தில் சுமார் 45 விநாடி கை வேலையில் இருக்கும், நம்மியில் 57 என்று ஒரு கணக்கு. அதே எண்ணை ஒரு சாரார் திறமை என்றார்கள். சங்கத்துப் பக்கம் நின்று எழுதிய மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988-ல் இதை "அழுத்தத்தால் நடக்கும் நிர்வாகம்" என்றார்கள். நம்மிக்குள் போய்த் தொழிலாளர்களிடம் பேசிய பால் ஆட்லர், பழைய நிலைக்குத் திரும்ப அவர்களுக்கு விருப்பமில்லை என்று கண்டார். என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் உண்மை. ஆனால் ஆட்லர் பேசியவர்கள் வேலைப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையில் வைத்திருந்த நிரந்தரத் தொழிலாளர்கள். நம் ஊர் லைனில் அப்படி எத்தனை பேர்?

#9 கோத்தன்பர்க்_சிவா

சுவீடனிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். இங்கே பக்கத்தில் உட்டெவல்லா என்று ஒரு ஊர். 1989-ல் வோல்வோ அங்கே ஓர் ஆலை திறந்தது, கன்வேயரே கிடையாது. சின்னக் குழு ஒன்று நின்ற இடத்தில் வைத்து முழுக் காரையும் கட்டும். உங்களுக்கு 62 விநாடிக்கு ஒரு தடவை வரும் வேலை அங்கே மணிக்கணக்கில் நீளும். 1993-ல் விற்பனை விழுந்தபோது வோல்வோ அதை மூடிவிட்டது.

மூடியதும் ஆராய்ச்சியாளர்கள் மோதிக்கொண்டார்கள். ஆட்லரும் ராபர்ட் கோலும் 1993-ல் ஸ்லோன் மேனேஜ்மென்ட் ரிவ்யூவில் நம்மிதான் கற்றுக்கொள்ளும் ஆலை என்று எழுதினார்கள். வேலையைத் துல்லியமாக எழுதி வைத்திருப்பதால் எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துத் திருத்தி, எல்லோருக்கும் பரப்ப முடிகிறது, உட்டெவல்லாவில் ஒவ்வொரு குழுவும் தன் வித்தையைத் தானே வைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். கிறிஸ்டியன் பெர்க்ரென் அடுத்த வருடமே அதே இதழில் திருப்பிக் கொடுத்தார். நாலு வருடம்கூட ஓடவிடாத ஆலையை, அதுவும் மந்தத்தில் ஆர்டர் இல்லாமல் கிடந்ததை, நிறைந்து ஓடிய நம்மியோடு ஒப்பிடுவது என்ன நியாயம் என்று கேட்டார். கடைசிக் காலத்தில் அதன் தரமும் வேகமும் ஏறிக்கொண்டுதான் இருந்தன என்றும் காட்டினார்.

தேன்மொழி, ஆய்வு என்றால் எனக்கு இந்தச் சண்டைதான். இரண்டு பேரும் ஆலைக்குள் போனவர்கள், இரண்டு பேரும் எண்ணியவர்கள். இலக்கியத் தொகுப்பு அத்தியாயத்தில் இதைப் போடுங்கள், படிப்பவர்களுக்குத் தூக்கம் வராது.

#10 அம்பத்தூர்_லேத்

நான் படித்தவன் இல்லை, டிப்ளமோ. தொழிற்பேட்டையில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். பாகம் செய்பவன் கோணத்தில் ஒன்று சொல்லலாமா?

லீன் என்றால் எங்களுக்கு என்ன தெரியுமா? கஸ்டமர் ஸ்டோர்ஸில் இருந்த சரக்கு எங்கள் ஷெட்டுக்கு இடம் மாறியது. அவர்களுக்கு இருப்பு இரண்டு மணி நேரம், எங்களுக்கு மூன்று வாரம், வட்டி எங்கள் தலையில்.

இருந்தாலும் எனக்குப் பிடித்த ஓர் ஆராய்ச்சி உண்டு, என் பையன் படித்துச் சொன்னது. 1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடியற்காலை, ஜப்பானில் ஐசின் கம்பெனியின் கரியா ஆலையில் தீ. டொயோட்டா வண்டிகளுக்கான பி-வால்வை ஏறக்குறைய முழுக்க முழுக்க அங்கேதான் செய்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் சாமான். பிரேக் அடிக்கும்போது பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து, வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். விலை அற்பம், உள்ளே துளை போடுவதில்தான் வித்தை. செவ்வாய்க்கிழமைக்குள் ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான லைன்கள் நின்றுவிட்டன.

அப்புறம் நடந்ததைத்தான் தொஷிஹிரோ நிஷிகுச்சியும் அலெக்சாண்டர் போடேயும் 1998-ல் எழுதினார்கள். ஐசின் டிராயிங்கைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. வால்வையே பார்த்திராத பட்டறைகள்கூட இறங்கின. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனி தன் மில்லிங் மெஷினை மாற்றிக்கொண்டு வால்வு அறுத்தது. இருநூறு கம்பெனிகள் வரை கை கொடுத்தன. விலை என்ன, பணம் எப்போது என்று முதலில் யாரும் பேசவில்லை. ஒரு வாரத்தில் லைன்கள் ஓடின.

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) இடுப்பளவு தண்ணீரில் நின்றது. பக்கத்து ஷெட்காரர் நாலு நாள் தன் மெஷினை ராத்திரியில் எனக்கு விட்டார். எனக்குப் போட்டிக்காரர்தான் அவர். கஸ்டமரிடமிருந்து வந்தது ஒரு மெயில், லேட் டெலிவரிக்கு டெபிட் நோட்.

#11 கேலிச்சித்தன்

சரி, நிஜமாகவே கேட்கிறேன். இருப்பு வைக்காமல் ஓட்டுவது கெட்டிக்காரத்தனமா, முட்டாள்தனமா?

#12 ஓரகடம்_பாஸ்கர்

அந்தச் சொல் பிறந்த கதையிலேயே விடை இருக்கிறது. கிராஃப்சிக் முதலில் இதற்கு "லீன்" என்று பெயர் வைக்கவில்லை. "ஃபிரஜைல்" என்றார், எளிதில் உடையக்கூடியது. இடையில் தாங்குதலே இல்லாததால் எந்தக் குறையும் உடனே வெளியே தெரியும், தெரிந்தால் திருத்தியே ஆகவேண்டும். அந்த அர்த்தத்தில் பாராட்டுத்தான். ஆனால் அந்தப் பெயரில் எந்த முதலாளி வாங்குவார்? 1988 கட்டுரையில் "லீன்" ஆகிவிட்டது. உடையக்கூடியது என்ற பாதி பெயரோடு சேர்ந்து மறைந்துபோனது.

டொயோட்டா மறக்கவில்லை. 2011 பூகம்பத்தில் ரெனெசாஸ் சிப் ஆலை படுத்த பிறகு, சிப்புகளை மட்டும் 2 முதல் 6 மாத இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னார்கள். 2021 ஆரம்பத்தில் மற்றவர்கள் சிப் இல்லாமல் ஆலையை நிறுத்தியபோது அவர்கள் சமாளித்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் அவர்களும் உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க வேண்டியிருந்தது, அது வேறு விஷயம். லேத் அண்ணே சொன்ன மூன்று வார இருப்பும் இந்தச் சிப் இருப்பும் ஒன்றல்ல. ஒன்று யோசித்து வைத்தது, மற்றது தள்ளிவிட்டது.

#13 கோவை_வார்ப்பு

எல்லோரும் மேனேஜ்மென்ட்டே பேசுகிறீர்கள். மேடம் மெக்கானிக்கல்தானே, உலோகத்தைப் பற்றி ஒருவர் பேசவேண்டாமா?

இப்போது எல்லா மாநாட்டிலும் கிகா காஸ்டிங்தான். டெஸ்லா மாடல் ஒய்யில் வண்டியின் பின் அடிப்பாகம் முழுவதையும் இத்தாலி இட்ராவின் 6,000 டன் பிரஸ்ஸில் ஒரே அடியாக அலுமினியத்தில் வார்த்தார்கள். 2023-ல் டொயோட்டாவும் ஒரு மாதிரியைக் காட்டியது: 86 பாகம், 33 கட்ட வேலை, எல்லாம் ஒரே வார்ப்பு.

கட்டுரைகள் "பாகங்கள் குறைகின்றன" என்பதோடு நின்றுவிடும். பவுண்டரிக்காரனுக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பம். வழக்கமாக அலுமினிய வார்ப்புக்கு வலு ஏற்ற 500 டிகிரி அளவில் சூடேற்றித் தண்ணீரில் அமுக்குவோம். ஒன்றரை மீட்டர் நீளம், மூன்று மில்லி தடிமன் உள்ள சாமானை அப்படிச் செய்தால் அப்பளம்போல முறுக்கிக்கொள்ளும். உள்ளே மாட்டிய காற்று வேறு உப்பி மேலே கொப்புளம் தட்டும். ஆகவே சூடேற்றாமலே வலு வரும் கலவை வேண்டும். அதற்கு இரும்பு மிகக் குறைவாக இருக்கவேண்டும், அதிகமானால் உள்ளே ஊசி ஊசியாகப் படிகம் விழும், மோதலில் மடங்காமல் விரிசல் விடும். ஆனால் இரும்பு குறைந்தால் உருகிய அலுமினியம் டையிலேயே (வார்ப்பு அச்சிலேயே) ஒட்டிக்கொள்ளும், அதற்குக் கொஞ்சம் மாங்கனீசு.

சுத்த அலுமினியத்தில் இதைச் சாதித்துவிட்டார்கள். பழைய அலுமினியத்தை உருக்கினால் இரும்பு தானாக ஏறிவரும். ஸ்கிராப்பிலிருந்து இந்தத் தரத்தில் பெரிய வார்ப்பு எடுப்பது எப்படி என்பதுதான் இன்று உலகம் முழுக்கப் போகும் வேலை. கோவையில் தெருவுக்கு ஒரு பவுண்டரி, பாதிப் பேர் உருக்குவது ஸ்கிராப். வாருங்கள், சாம்பிள் தருகிறேன்.

#14 மட்டுறுத்துநர்

13-க்குக் கீழே வந்த "மின்சாரக் காரா ஹைட்ரஜனா" சண்டையின் 19 பதிவுகளை வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

#15 தேன்மொழி_மெக்

மூன்று நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். கோவை சார், ஸ்கிராப் வேலை ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் கல்லூரியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் கிடையாது. என் மாணவன் ஒருவனுக்கு எம்இ ப்ராஜெக்ட்டாகக் கேட்கலாமா?

எனக்கு கவிதாவின் சாக்பீஸ் புள்ளிதான் மண்டையை விட்டுப் போகவில்லை. நேற்று கைடிடம் போனேன். ஒரு லைன், மூன்று மாதம், ஆண்டன் கயிறு எத்தனை தடவை இழுக்கப்பட்டது, எந்த ஸ்டேஷனில், அங்கே நின்றது பெர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா, லைன் கடைசியில் அதே ஸ்டேஷனின் குறை எத்தனை ரீஒர்க்கில் வந்தது. இழுக்காத இடத்தில் குறை கூடுகிறதா என்று பார்க்கவேண்டும். "இதில் அண்மைப் போக்கு எங்கே?" என்றார். கான்ட்ராக்ட் ஆட்கள்தான் போக்கு சார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்தக் கம்பெனி உள்ளே விடும்?" என்றார். அது சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

#16 ஓரகடம்_பாஸ்கர்

இழுப்பு எல்லாம் பிஎல்சியில் (லைனை இயக்கும் கம்ப்யூட்டரில்) நேரத்தோடு பதிவாகும், எடுத்துத் தரமுடியும். யார் நின்றார் என்பது ஷிப்ட் ரோஸ்டரில் இருக்கும், அதில் பெயரை நீக்கித்தான் தருவார்கள். பெரிய ஆலைகளை விடுங்கள், சட்டப்பிரிவைத் தாண்டவே ஒரு வருடம் ஆகும். எனக்குத் தெரிந்த சீட் அசெம்பிளி ஆலை ஒன்று இருக்கிறது, ஆலைத் தலைவர் கேட்கும் மனசுள்ளவர். ஆனால் கிராஃப்சிக் மாதிரி கழித்தல் கணக்கை முதலிலேயே போட்டு வையுங்கள். கஷ்டமான ஸ்டேஷன்களில்தான் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்துவார்கள். ஸ்டேஷனின் கடினத்தைக் கழிக்காமல் ஒப்பிட்டால் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவீர்கள்.

#17 லைன்3_கவிதா

பிஎல்சியில் இழுத்ததுதான் இருக்கும் சார், இழுக்காமல் விட்டது இருக்காது. மேடம், பில்லரைப் பாருங்கள், சீட் என்றால் ஃபிரேமின் அடிப்பக்கம். சாக்பீஸ், மார்க்கர், செல்லோ டேப், ஏதாவது ஒரு பாஷை இருக்கும். பகலில் போனால் துடைத்து வைத்திருப்பார்கள், மூன்றாவது ஷிப்டுக்குப் போங்கள். சேஃப்டி ஷூ சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். விசிட்டருக்குத் தருவதில் பெண்கள் சைஸ் இருக்காது.